சூரியக் காந்தப்புலத் தரவில் தெரியும் உச்சிகளில் எதை நம்புவது?

கல்முனையிலிருந்து சம்மாந்துறை வளாகத்துக்குப் போய்ப் பௌதிகம் படிக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. அமெரிக்காவின் வில்கொக்ஸ் சூரிய அவதான நிலையம் 1975 இலிருந்து வெளியிட்டுவரும் நாளாந்தச் சராசரிக் காந்தப்புலத் தரவை அவர் இறக்கியிருக்கிறார். அவதானிப்பு இல்லாத நாள்களுக்குப் பூச்சியம் போட்டு, பைதனில் எஃப்.எஃப்.டி (தொடருக்குள் எந்தெந்தக் கால ஒழுங்கு எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் கணிப்பு) ஓடவிட்டிருக்கிறார். வெறும் இரைச்சல் 100 இல் 5 தடவைதான் தாண்டும் உயரமான 95 வீத நம்பிக்கைக் கோட்டுக்கு மேலே நூற்றுக்கணக்கான உச்சிகள் வந்திருக்கின்றன. 27.3 நாளும் (சூரியனின் சுழற்சி) அதன் பாதியான 13.6 நாளும் எதிர்பார்த்தவை. ஆனால் 25.4, 29.5, 154, 365 நாள்களிலும் உச்சி நிற்கிறது. "29.5 நாள் நிலாவின் மாதம் அல்லவா? இதைக் கடைசி வருட ஆய்வறிக்கையில் புதிய கண்டுபிடிப்பாக எழுதலாமா? எது உண்மை, எது பொய் என்று எப்படிப் பிரிப்பது?" என்பது கேள்வி.

தம்பி, இப்போதைக்கு எழுத வேண்டாம். நீங்கள் செய்த வேலை நல்ல வேலை, அதில் பாதிதான் முடிந்திருக்கிறது. ஓர் உச்சி எவ்வளவு உயரம் என்பது தனியே எதையும் சொல்லாது. அதை எந்த இரைச்சலோடு ஒப்பிட்டீர்கள், எத்தனை இடங்களில் தேடினீர்கள், அந்தக் கால அளவு ஏற்கெனவே பூமியிலோ கருவியிலோ இருக்கிறதா, இந்த மூன்றுக்கும் பதில் சொன்ன பிறகுதான் உயரத்துக்குப் பொருள் வரும். சூரிய ஆய்வில் பெரிய பெரிய ஆட்களே இந்த மூன்றில் ஒன்றில் சறுக்கியிருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் உங்கள் கையில் இருக்கும் எண் என்ன என்று பார்ப்போம். வில்கொக்ஸ் நிலையம் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்துக்கு அருகே இருக்கிறது. சூரியத் தட்டு முழுவதிலிருந்தும் வரும் ஒளியை ஒன்றாகச் சேர்த்து, இரும்பின் 5250 அங்ஸ்ட்ரம் நிறமாலைக் கோடு காந்தப்புலத்தால் எவ்வளவு பிரிகிறது என்று அளக்கிறார்கள். தட்டெங்கும் கலந்திருக்கும் வட முனைவுப் புலமும் தென் முனைவுப் புலமும் ஒன்றையொன்று பெரும்பாலும் வெட்டிக்கொள்வதால் மிஞ்சுவது மிகச் சிறிய எண். சூரியன் அமைதியாக இருக்கும் வருடங்களில் கவுஸ் என்னும் காந்தப்புல அலகில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு, உச்ச வருடங்களில் ஒரு கவுஸை ஒட்டி. இலங்கையில் பூமியின் காந்தப்புலமே ஏறக்குறைய 0.4 கவுஸ் இருக்கிறது. ஆக, நம் திசைகாட்டியைத் திருப்பும் புலத்தை விடச் சிறிய ஒன்றைப் பதினைந்து கோடி கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து அளந்து எடுக்கிறார்கள். இவ்வளவு நுண்ணிய அளவில், சூரியனுடன் சம்பந்தமே இல்லாத ஒரு சின்ன ஒழுங்கு உள்ளே புகுந்தாலும் வரைபில் தெரிந்துவிடும்.

உங்கள் 365 நாள் உச்சியை அதோடு சேர்த்துப் பாருங்கள். சூரியனின் சுழல் அச்சு, பூமி சுற்றும் தளத்தின் செங்குத்திலிருந்து 7.25 பாகை சரிந்திருக்கிறது. செப்டெம்பர் தொடக்கத்தில் சூரியனின் வடமுனை நம் பக்கம் சாய்கிறது, மார்ச் தொடக்கத்தில் தென்முனை. ஆகவே பூமியிலிருந்து அளக்கும் எந்தச் சூரியக் காந்தத் தொடரிலும் ஒரு வருட ஒழுங்கு தானாக வரும். சூரிய முனைகளின் புலத் தரவில் அது கண்ணுக்கே தெரியும். அதற்கு மேல் நீங்களே ஒன்றைச் சேர்த்திருக்கிறீர்கள். கலிபோர்னியாவின் அந்தப் பகுதியில் மழையும் முகிலும் குளிர்காலத்தில்தான் அதிகம். அவதானிப்பு இல்லாத நாள்கள் அந்த மாதங்களில் குவிகின்றன. அவற்றுக்குப் பூச்சியம் போட்டதும், குளிர்காலத்தில் புலம் வலுவிழக்கிறது என்று கணினிக்குப் பொய் சொல்லிவிட்டீர்கள். கணினி அதை நம்பி ஒரு வருட ஏற்ற இறக்கத்தை வரைந்து தந்திருக்கிறது.

அப்புறம் 25.4 உம் 29.5 உம். இவை என்னை நிமிர்ந்து உட்கார வைத்தன, ஏனென்றால் இரண்டும் ஒரே இடத்திலிருந்து பிறக்கக் கூடியவை. ஒரு ஒழுங்கின் வீச்சம் வருடத்துக்கு ஒருமுறை கூடிக் குறைந்தால், மீடிறன் வரைபில் அந்த ஒழுங்கின் இரு பக்கமும் இரண்டு துணை உச்சிகள் முளைக்கும். பூமியிலிருந்து பார்க்கும்போது சூரியனின் சராசரிச் சுழற்சிக் காலம் 27.2753 நாள். கணக்கைப் போடுங்கள்: 1/27.2753 என்பது 0.036663. ஒரு வருடத்தின் மீடிறன் 1/365.25, அதாவது 0.002738. இரண்டையும் கூட்டினால் 0.039401, அதன் தலைகீழ் 25.38 நாள். கழித்தால் 0.033925, அதன் தலைகீழ் 29.48 நாள்.

பார்த்தீர்களா, 25.38 என்பது விண்மீன்களை வைத்துப் பார்க்கும்போது சூரியனின் சுழற்சிக் காலம். பாடப்புத்தகத்தில் இருக்கும் எண். அதை வரைபில் கண்டதும் யாருக்கும் "சரி, சூரியனின் உண்மையான சுழற்சி அகப்பட்டுவிட்டது" என்று மகிழத் தோன்றும். ஆனால் பூமியும் சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது பூமியில் இருக்கும் கருவிக்கு அந்தக் காலம் நேரடியாகத் தெரிய வேண்டியதில்லை. மறுபக்கம் வரும் 29.48, நிலாவின் 29.53 நாளுக்கு அருகில் வந்து விழுவது வெறும் எண் ஒற்றுமை. உங்கள் 50 வருடத் தொடருக்கு அந்த இடத்தில் பிரித்தறியும் திறன் ஏறக்குறைய 0.05 நாள்தான், ஆகவே இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டியே நிற்கும். பௌர்ணமிக்கும் சூரியனின் காந்தப்புலத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்று எழுதுவதற்கு முன் இந்தக் கூட்டல் கழித்தலைச் செய்துவிட்டால் போதும். பூச்சியங்களை எடுத்துவிட்டு மறுபடி ஓடவிடுங்கள். துணை உச்சிகள் தணிந்தால், அவை உங்கள் பூச்சியங்களின் வேலை.

இந்த வகைச் சோதனையைத் தவறவிட்டதற்குச் சூரிய ஆய்வின் வரலாற்றில் பெயர்பெற்ற உதாரணம் ஒன்று இருக்கிறது. 1976 இல் கிரிமிய வானியற்பியல் அவதான நிலையத்தைச் சேர்ந்த செவர்னி, கோட்டொவ், ட்சாப் மூவரும் சூரியன் 160 நிமிடத்துக்கு ஒருமுறை அதிர்கிறது என்று நேச்சர் இதழில் எழுதினார்கள். பிரித்தானியாவிலிருந்து இன்னொரு குழுவும் அதே வருடம் அதையே சொன்னது. பின்னர் ஸ்டான்போர்ட் தரவிலும் அது தெரிந்தது. சூரியனின் உள்மையத்தைப் பற்றிய அறிவையே மாற்றக்கூடிய முடிவு அது. ஆனால் ஒரு நாளுக்கு 1,440 நிமிடம். 1,440 ஐ 160 ஆல் வகுத்தால் மிகச் சரியாக 9. பகலில் மட்டும் பார்த்து, இரவில் விட்டு, மறுநாள் தொடரும் தரையிலுள்ள தொலைக்காட்டிக்கு ஒரு நாளின் ஒன்பதில் ஒரு பங்கு என்பது மிகவும் சந்தேகத்துக்குரிய எண். காலையிலிருந்து மாலை வரை சூரியன் வானில் ஏறி இறங்க, ஒளி கடந்து வரும் வளிமண்டலத்தின் தடிப்பும் மாறிக்கொண்டே இருக்கும். 1995 டிசம்பரில் ஏவப்பட்ட சோஹோ விண்கலம், பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தள்ளி, இரவே இல்லாத இடத்திலிருந்து வருடக்கணக்காகப் பார்த்தது. 160 நிமிட அதிர்வு அங்கே இல்லை. இவ்வளவுக்கும் முதலில் சொன்னவர்கள் கவனமானவர்கள், நல்ல கருவி வைத்திருந்தவர்கள். கடிகாரத்தோடு சரியாகப் பொருந்தும் காலத்தைக் கண்டால் அதைக் கடைசி வரை சந்தேகிக்க வேண்டும் என்பதற்காகவே என் மாணவர்களுக்கு இதை ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன்.

விண்கலத்தில் இருந்தால் தப்பிவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். 2010 பெப்ரவரியில் ஏவப்பட்ட எஸ்.டி.ஓ என்ற சூரிய ஆய்வு விண்கலத்தில் காந்தப்புலம் அளக்கும் எச்.எம்.ஐ கருவியின் தரவை எடுத்து, ஒரு சூரியப் புள்ளியின் காந்தப்புலத்தை நாள்கணக்கில் வரைந்தால் 24 மணித்தியாலத்திலும் 12 மணித்தியாலத்திலும் அழகான உச்சி வரும். அது சூரியனுடையது இல்லை. அந்த விண்கலம் பூமியின் சுழற்சியோடு ஒத்துச் சுற்றும் பாதையில் ஓடுகிறது. நியூ மெக்சிகோவிலுள்ள தரை நிலையத்துக்கு இடைவிடாமல் தரவு அனுப்ப வேண்டும் என்பதற்காகத் தெரிவுசெய்த பாதை. அதனால் ஒரு நாளுக்குள் அது சூரியனை நோக்கி செக்கனுக்குச் சுமார் 3 கிலோமீற்றர் வேகத்தில் போய், பிறகு அதே வேகத்தில் விலகி வரும். 6173 அங்ஸ்ட்ரம் நிறமாலைக் கோடு அந்த வேகத்தால் 0.06 அங்ஸ்ட்ரம் அளவு இடம்பெயர்கிறது. கோடு வடிகட்டிகளில் விழும் இடம் மாற, கணித்தெடுக்கும் புலமும் கொஞ்சம் மாறுகிறது. கருவியை அமைத்தவர்களே இதை ஆராய்ந்து வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். தரவோடு வரும் குறிப்புகளை வாசிக்காமல் இறங்குபவர்கள்தான் இதைக் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிடுகிறார்கள்.

சரி, கடிகாரங்களை ஒதுக்கிவிட்டோம். இனி அந்த 95 வீதக் கோடு.

அந்தக் கோடு ஒரே ஒரு மீடிறனை முன்கூட்டியே சொல்லிவிட்டு, அதை மட்டும் பார்ப்பவருக்கானது. நீங்கள் பார்த்தது ஒன்றையல்ல. நாளுக்கு ஓர் எண் வீதம் 50 வருடம் என்றால் சுமார் 18,000 எண்கள். அதிலிருந்து கிடைக்கும் சுயாதீனமான மீடிறன்கள் ஏறக்குறைய 9,000. உள்ளே எந்த ஒழுங்கும் இல்லாத வெறும் எழுமாறான எண்களைப் போட்டாலும் அவற்றில் 5 வீதம், அதாவது சுமார் 450 இடங்கள், 95 வீதக் கோட்டைத் தாண்டத்தான் செய்யும். நூற்றுக்கணக்கான உச்சிகள் வந்ததில் வியக்க எதுவும் இல்லை.

எவ்வளவு உயரம் வேண்டும் என்பதையும் கணக்கிடலாம். எழுமாறான வெள்ளை இரைச்சலில், சராசரி வலுவின் (வரைபின் சராசரி உயரத்தின்) z மடங்கை ஒரு குறிப்பிட்ட மீடிறன் தாண்டும் நிகழ்தகவு e இன் அடுக்கு −z. 95 வீதக் கோடு z = 3 இல் இருப்பது இதனால்தான். ஆனால் 9,000 இடங்களில் மிக உயர்ந்த உச்சி சாதாரணமாகவே z = 9 ஐ ஒட்டி வரும். 9,000 இல் எங்குமே தற்செயலாக ஒன்று தாண்டும் வாய்ப்பு 1 வீதத்துக்கு மேல் போகக்கூடாது என்றால், கோடு 9,00,000 இன் இயற்கை மடக்கையில், அதாவது 13.7 இல் நிற்க வேண்டும். 3 எங்கே, 13.7 எங்கே! ஸ்கார்கிள் 1982 இல் எழுதிய கட்டுரை இந்தப் பொய் எச்சரிக்கை நிகழ்தகவைத் தெளிவாக வைத்தது. லொம்ப் 1976 இல் கொண்டுவந்த முறையோடு அவர் பெயரும் சேர்ந்து, இன்று லொம்ப்-ஸ்கார்கிள் வரைபு என்கிறோம். அதற்கு இடைவெளியில்லாத தரவு தேவையில்லை. விடுபட்ட நாள்களை விடுபட்டபடியே கொடுக்கலாம், பூச்சியமும் வேண்டாம், இடைச்செருகலும் வேண்டாம். பைதனின் வானியல் நூலகமான அஸ்ட்ரோபையில் அது ஆயத்தமாக இருக்கிறது. விடுபட்ட நாள்கள் குளிர்காலத்தில் குவிந்திருப்பதன் பாதிப்பு அதிலும் முழுதாக மறையாது, ஆனால் பூச்சியம் சொன்ன பொய் போய்விடும்.

ஆனால் 13.7 உம் உங்களைக் காப்பாற்றாது. அந்தக் கணக்கு ஒவ்வொரு நாளின் எண்ணும் முந்தைய நாளுக்குச் சம்பந்தமில்லாதது என்ற எடுகோளில் நிற்கிறது. சூரியன் அப்படி இல்லை. உங்கள் ஊர்ப்பக்கம் வரை நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவியை எடுங்கள். இன்றைய நீர்மட்டம் நேற்றையதை ஒட்டித்தான் இருக்கும். கார்த்திகை மழையில் ஏறினால், முகத்துவாரம் வெட்டி நீர் கடலுக்கு வடியும் வரை ஏறியே நிற்கும். அந்த நீர்மட்டத்தை வரைந்தால் பெரிய, மெதுவான அலைகள் தெரியும். மழை எழுமாறாகப் பெய்தாலும் தெரியும், ஏனென்றால் வாவி பழையதை நினைவில் வைத்திருக்கிறது. சூரியனின் சராசரிப் புலத்துக்கும் அந்த நினைவு உண்டு. ஒரு பெரிய காந்தப் பகுதி தோன்றினால் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் இருக்கும். இப்படிப்பட்ட தொடரின் வலு நீண்ட காலங்களின் பக்கம் குவிந்துவிடும். இதைத்தான் சிவப்பு இரைச்சல் என்கிறோம்.

எண்ணில் பார்த்தால் விளங்கும். இன்றைய அளவுக்கும் நேற்றைய அளவுக்கும் உள்ள இணைபுக் குணகம் 0.9 என்று வைத்துக்கொள்வோம், வேறு எந்த ஒழுங்கும் உள்ளே இல்லை. அப்போது மிக நீண்ட காலங்களில் இரைச்சலின் எதிர்பார்ப்பு வலுவே முழுச் சராசரியின் 19 மடங்கு. மிகக் குறுகிய காலங்களில் 19 இல் ஒரு பங்கு. 154 நாளில் 16 மடங்குக்குச் சற்று மேல். நீங்கள் வரைந்த தட்டையான 95 வீதக் கோடு 3 மடங்கில் நிற்கிறது, அங்கே இரைச்சலின் நடுமட்டமே அதை ஐந்து மடங்கு தாண்டி நிற்கும். அந்தப் பக்கத்தில் எந்த உச்சியைத் தொட்டாலும் கோட்டுக்கு மேல்தான் இருக்கும். குறுகிய காலப் பக்கத்திலோ இதற்கு நேர்மாறு, உண்மையான சிறு ஒழுங்கு ஒன்று இருந்தாலும் தட்டைக் கோடு அதை மறைத்துவிடும். ஆகவே கோடு வளைய வேண்டும். இரைச்சலின் வடிவத்தை முதலில் பொருத்தி, ஒவ்வொரு இடத்திலும் அந்த வடிவத்துக்கு மேல் உச்சி எத்தனை மடங்கு என்று பாருங்கள்.

இதில் சூரியச் சராசரிப் புலத்துக்கென்று ஒரு சிக்கலும் இருக்கிறது. நினைவுள்ள இரைச்சல் ஒரு பக்கம், 27 நாள் சுழற்சி மறுபக்கம், இரண்டும் பின்னிப்பிணைந்தவை. காந்தப் பகுதி ஒன்று சில சுற்று வாழ்ந்து மறையும். அடுத்தது வேறு தீர்க்கக்கோட்டில், வேறு அகலக்கோட்டில் வரும். அங்கே சுழற்சி வேகமும் வேறு: சூரியனின் நடுக்கோட்டில் ஒரு சுற்றுக்கு 25 நாள் அளவு, முனைகளை அண்டி 35 நாள் அளவு. ஆகவே 50 வருடத் தரவில் 27 நாள் என்பது ஒற்றை உச்சியாக வராது. 26 இலிருந்து 29 வரை ஊசி ஊசியாக ஒரு காடே நிற்கும். அந்த இடத்தில் உங்கள் வரைபு 0.04 நாள் வித்தியாசத்தைக்கூடப் பிரித்துக் காட்டும், ஆனால் எந்த ஒழுங்கும் சில மாதங்களுக்கு மேல் ஒரே அவத்தையில் நீடிப்பதில்லை. ஒவ்வோர் ஊசிக்கும் ஒரு பெயர் வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் தேடிய கட்டுரைகளை நிறையவே பார்த்துவிட்டேன். வருத்தமாக இருக்கும். அந்தக் காட்டின் அகலமும் மொத்த வலுவும்தான் பௌதிகம் சொல்லும். தனித்தனி ஊசிகள் எழுமாறு விளைவு. உங்கள் 29.5 நாள் உச்சி, துணை உச்சியாக இல்லாவிட்டால், இந்தக் காட்டின் ஓரத்து ஊசியாக இருக்க மிகுந்த வாய்ப்பு உண்டு.

13.6 பற்றி ஒரு வரி. 27.3 நாள் ஒழுங்கு சரியான சைன் வளையியாக இல்லாவிட்டால் அதன் பாதி, மூன்றிலொன்று எல்லாம் கூடவே வரும், அவற்றைத் தனிக் கண்டுபிடிப்பாக எண்ணக்கூடாது. ஆனால் 13.6 வலுவாக வந்தால் அதற்குப் பொருளும் உண்டு. கோளிடைக் காந்தப்புலம் வெளிநோக்கியும் உள்நோக்கியுமாகத் துறைதுறையாகப் பிரிந்திருப்பதை வில்கொக்ஸும் நெஸ்ஸும் 1965 இல் காட்டினார்கள். ஒரு சுற்றில் நான்கு துறை இருக்கும் காலங்களில் பாதிக் காலம் தானாக ஓங்கும்.

இனி 154. உங்கள் பட்டியலில் உண்மையிலேயே நேரம் செலவிடத் தகுந்தது இதுதான். ரீகரும் அவருடைய குழுவினரும் 1984 இல், எஸ்.எம்.எம் என்ற சூரிய ஆய்வு விண்கலம் 1980 முதல் 1983 வரை பார்த்த காமாக் கதிர்ச் சுடர்கள் 154 நாளுக்கு ஒருமுறை கூடுகின்றன என்று எழுதினார்கள். பிறகு அதே 21 ஆம் சூரிய வட்டத்தின் (சுமார் 11 வருட ஏற்ற இறக்கம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு) காந்தப் பாயத்திலும் 160 நாளை அண்டி ஓர் ஒழுங்கு காட்டப்பட்டது. சூரியனின் உட்படையில் ஓடும் ரொஸ்பி அலைகள், அதாவது சுழலும் பாய்மத்தில் எழும் பெரிய, மெதுவான அலைகள், காரணமாக இருக்கலாம் என்ற விளக்கமும் உண்டு. ஆனால் அது எல்லா வட்டங்களிலும் வருவதில்லை, வரும்போதும் உச்ச வருடங்களை ஒட்டிச் சிறிது காலம் நின்று மறைகிறது.

இங்கே உங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. 154 ஐ நீங்கள் உங்கள் தரவிலிருந்து பொறுக்கவில்லை, 1984 இலேயே வேறொருவர் வேறு தரவிலிருந்து சொல்லிவிட்டார். "150 இலிருந்து 160 நாள் வரை மட்டும் பார்க்கிறேன்" என்று தரவைத் திறக்குமுன் எழுதிவைத்தால், 9,000 இடங்கள் சுமார் 8 இடங்களாகச் சுருங்கும். 1 வீதக் கோடு 13.7 இலிருந்து 6.7 க்கு இறங்கும், இரைச்சல் வடிவத்துக்கு மேல் என்ற கணக்கில். இதுதான் கருதுகோளை முன்கூட்டியே வைப்பதன் பலன். ஆனால் பார்த்த பிறகு எல்லையை 148 ஆக்கினாலோ 163 ஆக்கினாலோ அந்தப் பலன் போய்விடும்.

50 வருடத் தொடர் முழுவதிலும் ஒரே தடவையாகத் தேடுவதும் இங்கே சரிவராது. மூன்று நான்கு வருடம் மட்டும் வாழும் ஒழுங்கு அதில் கரைந்துவிடும். வட்டம் வட்டமாக வெட்டுங்கள்: 1976 முதல் 1986 வரை 21 ஆம் வட்டம், 1996 வரை 22, 2008 வரை 23, 2019 வரை 24. எந்த ஒழுங்கு எந்தக் காலத்தில் இருந்தது என்று காட்டும் அலைச்சிறு (wavelet) வரைபும் போடலாம், டொரன்சும் கொம்போவும் 1998 இல் எழுதிய வழிகாட்டி அதற்கு நல்லது. அதில் 95 வீதத்தைத் தாண்டிய இடங்களைச் சுற்றி வரும் கறுப்புக் கோட்டுத் தீவுகளைக் கண்டு மட்டும் மயங்கிவிடாதீர்கள். அதுவும் புள்ளிக்குப் புள்ளி போட்ட 95 வீதம்தான், வெறும் இரைச்சலிலும் வரைபின் பரப்பில் ஏறக்குறைய 5 வீதம் தீவாகத் தெரியும்.

இரண்டு பழக்கங்களை இப்போதே விட்டுவிடுங்கள். ஒன்று, வரைபு அழகாகட்டும் என்று முதலில் நகரும் சராசரி எடுப்பது. எழுமாறான எண்களை நகரும் சராசரியில் போட்டாலே அலைபோன்ற வட்டங்கள் தோன்றும் என்று ஸ்லட்ஸ்கி 1927 இல் காட்டிவிட்டார். மற்றது, மறைப் பெறுமானங்கள் தொந்தரவு என்று குறியை நீக்கி மட்டுப்பெறுமானம் எடுப்பது. 27 நாள் ஒழுங்குக்கு மட்டுப்பெறுமானம் எடுத்தால் அது 13.6 ஆகும். சூரியனின் 22 வருடக் காந்த வட்டம் 11 வருடமாகும். சூரியப் புள்ளிகளின் எண்ணிக்கைக்கு முனைவு கிடையாது, அதனால்தான் ஷ்வாபே 1843 இல் சொன்னது ஏறக்குறைய 10 வருட ஏற்ற இறக்கமாக இருந்தது. ஹேல் 1908 இல் புள்ளிகளின் காந்தப்புலத்தை அளந்து, பிறகு வட்டத்துக்கு வட்டம் முனைவு புரள்வதைக் கண்ட பின்புதான் முழுச்சுற்று அதன் இரு மடங்கு என்று தெரிந்தது. குறியைத் தூக்கி எறிந்தால் அந்த அறிவையும் எறிந்துவிடுகிறீர்கள்.

செய்ய வேண்டியது இதுதான். லொம்ப்-ஸ்கார்கிள் வரைபை எடுத்து, தெரிந்த கடிகாரங்களையும் அவற்றின் கூட்டல் கழித்தல்களையும் குறியுங்கள். இரைச்சலுக்கு ஒரு மாதிரி கட்டுங்கள், முதல்நிலை நினைவு, அதாவது நேற்றைய அளவின் நினைவு, மட்டும் போதாது, 27 நாள் காட்டையும் அது உண்டாக்க வேண்டும். யூல் 1927 இல் சூரியப் புள்ளித் தொடருக்குச் செய்த, முந்தைய இரண்டு அளவுகளை நினைவில் வைக்கும் இரண்டாம்நிலை மாதிரி நல்ல தொடக்கம். எழுமாறாக உதை வாங்கி அலைந்து தணியும் அலைவு அது, இப்போதும் அதைவிடத் தெளிவான சிந்தனை அரிது. அந்த மாதிரியிலிருந்து உங்கள் தரவு இருக்கும் அதே திகதிகளில், அதே இடைவெளிகளோடு, 10,000 போலித் தொடர்கள் செய்யுங்கள். சாதாரண மடிக்கணினி ஒன்று இரவோடிரவாக முடித்துவிடும். ஒவ்வொன்றிலும் மிக உயர்ந்த உச்சியைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் உண்மைத் தரவின் உச்சியை எத்தனை போலிகள் தாண்டின என்பதுதான் உங்கள் பொய் எச்சரிக்கை நிகழ்தகவு. எந்தச் சூத்திரத்தையும் விட நான் இதை நம்புவேன்.

பிறகு தொடக்கத் திகதியைச் சில நாள் தள்ளிப் பாருங்கள். 2017 இல் ஃபொஸாவும் குழுவினரும் சோஹோ தரவிலிருந்து சூரிய உள்மையத்தின் ஈர்ப்பு அலைவுகளை (மிதப்பு விசையால் எழும் உள் அலைவுகளை) கண்டதாக அறிவித்தார்கள். அடுத்த வருடம் ஷுங்கரும் குழுவினரும் அதே வழியில் திரும்பச் செய்து பார்த்தபோது, தொடக்க நேரம் போன்ற சின்னத் தெரிவுகளை மாற்றினாலே அந்தச் சமிக்ஞை நிலைக்கவில்லை. பலமாதங்கள் நீடிக்கும் ஒழுங்கு உண்மையாக இருந்தால், தொடக்கத்தைச் சிறிது நகர்த்தியதால் காணாமல் போகக்கூடாது.

இன்னொரு நிலையத் தரவோடு ஒப்பிடுவது பற்றி எல்லோரும் சொல்வார்கள், சரியான அறிவுரைதான். கிரிமியாவில் 1968 இலிருந்து சராசரிப் புலம் அளந்திருக்கிறார்கள். ஆனால் அந்த ஒப்பீடு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதில் தெளிவாக இருங்கள். இரு கருவியிலும் அதே உச்சி வந்தால் அது கருவிப் பிழை அல்ல என்று மட்டும்தான் தெரியும். இரு கருவியும் பார்த்தது அதே சூரியனை, அதே வருடங்களில். சூரியனின் சொந்த எழுமாறு நடத்தையால் வந்த உச்சி என்றால் அது இரண்டிலும் வரத்தான் செய்யும். அந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பது வேறு கருவி அல்ல, வேறு காலம். ஆகவே ஒரு வட்டத்தில் கண்டதை மற்ற மூன்று வட்டங்களில் சோதியுங்கள். பல கட்டுரைகள் இந்த இடத்தில்தான் தடுமாறுகின்றன.

ஒன்றும் அகப்படாவிட்டால் ஆய்வறிக்கையில் என்ன எழுதுவது என்று பயப்பட வேண்டாம். உண்மைத் தரவுக்குள் 154 நாள் சைன் வளையி ஒன்றை நீங்களே சேர்த்துவிடுங்கள், முதலில் 0.01 கவுஸ் வீச்சத்தில், பிறகு 0.02, 0.03 என்று கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் முறை அதை 100 தடவையில் 95 தடவை கண்டுபிடிக்கத் தொடங்கும் வீச்சம் எது என்று பாருங்கள். அப்போது "இந்த நான்கு வட்டங்களில், இந்த வீச்சத்துக்கு மேல் 150 முதல் 160 நாள் வரையான ஒழுங்கு சராசரிப் புலத்தில் இல்லை" என்று துணிந்து எழுதலாம். அது முழுமையான விஞ்ஞான முடிவு. ரொஸ்பி அலை பற்றிக் கணக்குப் போடுகிறவருக்கு, காரணம் தெரியாத பத்து உச்சிகளின் பட்டியலை விட அந்த ஒரு வரி பயன்படும். 21 ஆம் வட்டத்தில் மட்டும் வந்து மற்றவற்றில் வராவிட்டால் அதையும் அப்படியே எழுதுங்கள், நான்கு வட்டங்களின் எண்களையும் ஒரே அட்டவணையில் வைத்து. இரைச்சல் மாதிரி கட்டும்போது குணகங்கள் ஒத்துவராமல் இழுபட்டால், 27 நாள் பகுதியின் மீடிறன் வரைபை மட்டும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.